இன்று கேட்டவை

அந்த வீட்டில் துணி அலமாரிக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் கிடையாது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில், சுவருக்குள் ஓர் ஆள் நுழைந்து உட்காரும் அளவுக்கு ஆழமாக இருந்தது அது. சுற்றிலும் சேலைகளும் போர்வைகளும் தொங்குவதால் உள்ளே எதிரொலி இல்லை. தினமும் காலை ஆறேகாலுக்குக் கவனம் டீச்சர் அதற்குள் போய், முக்காலி போட்டு உட்கார்ந்து, போனை மடித்த போர்வைகளின் மேல் வைத்து, தேனில் குழைத்த குரலில் பேசத் தொடங்குவாள். "மூச்சைக் கவனியுங்கள். உள்ளே வருகிறது. வெளியே போகிறது." அந்த நேரத்தில் வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழக் கூடாது.

பள்ளிக்கூட டீச்சர் இல்லை அவள். கவனத்தோடு வாழ்வது எப்படி, கருணையோடு இருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதுதான் தொழில். அலுவலகங்களுக்குக் கணினியில் வகுப்பு எடுப்பாள். அது போக, போனில் ஒரு குழு. அறுபத்தொரு பேர். காலையில் பதிவு செய்ததை அவர்களுக்கு அனுப்பி வைப்பாள்.

குழுவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பத்து நிமிடப் பேச்சு, பிறகு ஒரு மணியோசை. மணி அடங்கியதும் இரண்டு நிமிடம் மௌனம். அந்த மௌனத்தில் காதில் விழுகிற எல்லாவற்றையும் கேட்க வேண்டும். பதிவு தானாக முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. முடிந்ததும் 'இன்று கேட்டவை' என்று போட்டு, மூன்றே மூன்று சத்தங்களைக் குழுவில் எழுத வேண்டும். 'காகம், தண்ணீர் மோட்டார், என் வயிறு' என்கிற மாதிரி. இதில் டீச்சர் கறாராக ஒரு விதி வைத்திருந்தாள். சத்தத்தைச் சத்தமாக மட்டும் கேட்க வேண்டும். யார், எதற்கு, ஏன் என்று அதன் பின்னாலேயே ஓடக் கூடாது. "குழந்தை அழுதால் அழுகை என்பது ஓர் ஒலி, அவ்வளவுதான். அர்த்தம் தேடினால் கவனம் போச்சு" என்பாள். கேட்கிறவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

இந்த விதியில் ஏழு மாதமாகத் தேறாத ஆள் குழுவில் ஒரே ஒருவர். மிக்ஸி, மின்விசிறி, வாஷிங் மெஷின் என்று எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டுகிற மெக்கானிக். டீச்சர் வீட்டிலேயே நேரில் நடந்த ஒரே வகுப்பில் கண்ணை மூடச் சொன்ன மூன்றாவது நிமிடத்தில் கூரை அதிரக் குறட்டை விட்டவர். அன்றிலிருந்து டீச்சர் மனதுக்குள் அவருக்குப் பெயரே குறட்டைதான். அவர் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும். 'இன்று கேட்டவை: மேல்வீட்டு ஃபேனில் பேரிங் போய்விட்டது. இந்த வாரம் மாற்றாவிட்டால் கழன்று விழும்.' டீச்சர் கனிவோடு திருத்துவாள்: 'ஐயா, ஃபேன் சத்தம் என்று மட்டும் எழுதினால் போதும்.' 'சரிங்கம்மா' என்று பதில் வரும். மறுநாள், 'எதிர்க்கடை ஃப்ரிட்ஜில் கேஸ் இல்லை' என்று எழுதியிருப்பார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று டீச்சர் பெருமூச்சு விடுவாள். பெருமூச்சையும் கவனத்தோடுதான் விடுவாள்.

அவருக்கு நேர் எதிர், குடைக்காரர். பெயர் போடாதவர். எண்ணுக்குப் பக்கத்தில் மடக்கிய கறுப்புக் குடையின் படம் ஒன்று மட்டும் இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து ஒரு காலை தப்பியதில்லை. தினமும் முதலில் எழுதுவது அவர்தான். மூன்று சொல்லுக்கு மேல் நான்காவது சொல் கிடையாது. டீச்சர் அவரைப் பற்றி ஒரு கற்பனையே கட்டி வைத்திருந்தாள். ஓய்வு பெற்ற பேராசிரியர், சுவர் முழுக்கப் புத்தகம், யாரும் தொந்தரவு செய்யாத தனி வீடு. "குடைக்காரரைப் பாருங்கள், அதுதான் கவனம்" என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

சொந்த வீட்டில் இருக்கிறவர் அந்த அளவுக்குக் கொடுத்து வைத்தவர் இல்லை. டீச்சரின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மனுஷர் வாயைத் திறந்தால் வாஷர், ஸ்க்ரூ, டிப்போவில் யாருக்கு யாரோடு சண்டை. டீச்சர் 'ம்' கொட்டுவாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அந்த 'ம்' நன்றாகப் பழகி, அவள் இல்லாமலேயே வேலை செய்கிற நிலைக்கு வந்திருந்தது.

அன்று, குழுவுக்காக அவள் நடத்திய கருணை வாரத்தின் மூன்றாம் நாள். 'செய்கிற வேலையில் முழுதாக இருங்கள்' என்று பேசி முடித்து, மணியைத் தட்டினாள். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து, "இந்தா, கொஞ்சம் வாயேன்" என்றது அவர் குரல். மௌனம்தானே, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று போனை அப்படியே விட்டுவிட்டு, அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு சமையலறைக்குப் போனாள். பலகையில் கேரட் காத்திருந்தது. சற்றுமுன் பேசியதை நாமே செய்து பார்ப்போமே என்று தோன்றியது. கத்தியை எடுத்தாள். ஒரு வெட்டு, ஒரு மூச்சு. ஆரஞ்சு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. இப்படி ஒரு கவனம் அவளுக்கே பல மாதங்களாக வாய்த்ததில்லை. எதிரில் கணவர் நின்றார், ஏதோ பேசினார், போய்விட்டார். கேரட் முடிந்தபோது மனம் துடைத்து வைத்த கண்ணாடியாக இருந்தது. அலமாரிக்குத் திரும்பி, பதிவை நிறுத்தி, வழக்கம் போல அனுப்பிவிட்டாள்.

ஏழு இருபதுக்குக் குடைக்காரர் எழுதினார். 'இன்று கேட்டவை: ம். ம். ம்.'

டீச்சருக்குப் புல்லரித்தது. மனுஷர் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தாள். காகம், மோட்டார் எல்லாம் கடந்து, எல்லா ஒலிக்கும் அடியில் இருக்கிற ஒலியைப் பிடித்துவிட்டார் என்று தனக்குத்தானே ஒரு விளக்கமும் கொடுத்துக்கொண்டாள். கைகூப்பும் படம் ஒன்று போட்டு, 'அருமை. இதுதான் ஆழம்' என்று பதில் எழுதினாள். ஏழரைக்கு ஓர் அலுவலகத்துக்கு வகுப்பு. போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். முப்பது பேரிடம் காலைக் கதையைச் சொன்னாள். "இன்று கேரட் நறுக்கினேன். பதினோரு நிமிடம். நம்ப மாட்டீர்கள், கத்தியைத் தவிர வேறு எதுவுமே என் காதில் விழவில்லை." கை தட்டினார்கள்.

எட்டு இருபதுக்கு வகுப்பு முடிந்து போனை எடுத்தால், குழுவில் பாராட்டு மழை.

'இன்று கேட்டவை: கத்தி, குழாய்ச் சொட்டு, ஆண் குரல்.'

'இன்று கேட்டவை: பாத்திரம், மூச்சு வாங்கும் ஒலி, கதவு.'

'இன்றைய நீண்ட பயிற்சி அபாரம் டீச்சர். அந்த ஆண் குரல் தத்ரூபம். அர்த்தத்தின் பின்னால் ஓடாமல் உட்கார்ந்திருப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஜெயித்துவிட்டேன்.'

நீண்ட பயிற்சியா? அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். இருபத்தோரு நிமிடம் என்று காட்டியது. பதினோரு நிமிடச் சமையலறை ஊருக்கே போயிருக்கிறது! முதலில் வந்த பயம் ஒன்றே ஒன்றுதான். நான் கத்தினேனா? யாரையாவது திட்டினேனா? விரலால் தள்ளித் தள்ளி அங்கங்கே கேட்டாள். திட்டவில்லை. கத்தவில்லை. கத்தி நறுக்குகிற சத்தம், அவர் ஏதோ பேசுகிற சத்தம், அமைதியாக அவளுடைய 'ம்'. அப்பாடா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. உடனே குழுவில் எழுதவும் தொடங்கினாள். 'ஆம், இன்று உங்களுக்கே தெரியாமல் ஒரு புதிய பயிற்சி...'

அடிக்கிற மழையில் குடை பிடிக்கிற இந்தச் சாமர்த்தியத்துக்கு நடுவில் போன் அடித்தது. குறட்டை. ஏற்கெனவே ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார்.

"அம்மா, ஐயா எப்படி இருக்காரு? ஆஸ்பத்திரிக்குப் போயாச்சா?"

"எந்த ஐயா?"

"உங்க வீட்டுக்காரர்மா."

"அவரு வேலைக்குப் போயிட்டாரே. ஏன் கேக்குறீங்க?"

அந்தப் பக்கத்தில் குரல் தாழ்ந்தது. "வேலைக்கா போயிட்டாரு? நெஞ்சைப் பிசையுதுன்னு உங்ககிட்ட மூணு தடவ சொன்னாரேம்மா."

"எப்ப?"

"காலையிலதாம்மா. நீங்க அனுப்புனதுல."

"நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனைத் துண்டித்துவிட்டு, அந்தப் பதிவை மணியோசையிலிருந்து ஓட விட்டாள். இந்தத் தடவை தள்ளவில்லை.

மணி அடங்கியது. அலமாரிக் கதவு. கத்தி. பிறகு அவருடைய குரல், சற்றுத் தள்ளி, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"இந்தக் குழாய் சொட்டுது பாரு. சாயங்காலம் வாஷர் வாங்கிட்டு வரணும்."

"ம்."

"இன்னைக்கு எனக்கு லைன் மாத்திட்டாங்க. பன்னெண்டு இல்ல, முப்பத்தொன்னு. ஆஸ்பத்திரி வழியா ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும். நல்ல ரோடுதான்."

"ம்."

டக் டக்கென்று கேரட்.

"நேத்துலேருந்து நெஞ்சை ஒரு மாதிரி பிசையுது."

"ம்."

"வாய்வா இருக்கும்னு பாத்தேன். ராத்திரி மாடி ஏறும்போது ரெண்டு இடத்துல நின்னு நின்னு வந்தேன். நெஞ்சைப் போட்டுப் பிசையுது."

"ம்."

"இடது கை வேற மரத்துப் போவுது. கேக்குறியா?"

"ம்."

"லீவு போட்டுடவா?"

கத்தி நிற்கவே இல்லை. "ம்... பாத்துக்கோங்க."

ஏதோ ஒரு பாத்திரம் நகர்ந்தது. மூச்சு வாங்குகிற சத்தம். அவர் நிற்கிறார். எதற்காகவோ நிற்கிறார். அந்த நிற்றலின் நீளம் பதிவில் நாற்பது வினாடி இருந்தது. ஒரு மனிதன் சமையலறையில் நாற்பது வினாடி சும்மா நின்றால் எவ்வளவு நேரம் என்பது நின்றவருக்குத்தான் தெரியும்.

"நெஞ்சு பிசையுறது நிக்க மாட்டேங்குது. சரி, போயிட்டு வர்றேன்."

"ம்."

கதவுச் சத்தம். அதற்குப் பிறகும் நான்கு நிமிடம் கேரட்.

டீச்சர் பேயறைந்தவளாக நின்றாள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உரையாடல் நடந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பாதி கேட்டு மறந்தது இல்லை, காதுக்குள்ளேயே நுழையவில்லை. கோபத்தில் கேட்காமல் இருந்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். அவள் அமைதியாக இருந்தாள். அழகாக, நிறைவாக, கருணை வாரத்தின் மூன்றாம் நாளில், கேரட்டோடு இருந்தாள்.

குழுவைத் திறந்தாள். கேட்ட முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேரும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். 'ஆண் குரல்.' 'கனத்த குரல்.' 'மூச்சொலி.' அவள் சொல்லிக் கொடுத்தபடியே, சத்தத்தைச் சத்தமாக மட்டும் கேட்டு, மூன்று சொல்லில் எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள். கடைசியில் குறட்டை எழுதியது இருந்தது. 'இன்று கேட்டவை: ஒருத்தர் நெஞ்சு வலிக்கிறது என்கிறார். அம்மா, போனை எடுங்கள்.' அதற்குக் கீழே யாரோ ஒரு பெண்மணி அன்போடு திருத்தியிருந்தாள்: 'ஐயா, ஆண் குரல் என்று மட்டும் எழுதினால் போதும்.'

கணவரின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் போனை டிப்போ லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். டிப்போவைக் கூப்பிட்டாள். நேரம் குறிக்கிறவர் எடுத்தார்.

"பன்னெண்டாம் நம்பர் டிரைவரோட வீட்டம்மா பேசுறேன்."

"பன்னெண்டுல இன்னைக்கு வேற ஆளும்மா. லைன் மாத்தி விட்டாச்சே. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லலையா! "முப்பத்தொன்னு" என்றாள் டீச்சர். "ஆஸ்பத்திரி வழியா ஸ்டேஷன். அவருக்கு நெஞ்சு வலி. வண்டியை நிறுத்தச் சொல்லுங்க."

"ஐயையோ. ஓடுற வண்டிக்கு எப்படிம்மா சொல்றது? கண்டக்டர் போனும் இங்கதான் கெடக்கு." காகிதம் புரளும் சத்தம். "ரெண்டாவது ட்ரிப்புல இருக்காரு. எட்டு அம்பத்தஞ்சுக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு வரணும். நான் ஸ்டேஷன்ல சொல்லி வைக்கிறேன். நீங்க எதுக்கும் ஸ்டாப்புக்குப் போயிடுங்க."

மணி எட்டு முப்பத்தாறு. மாடிப்படியில் இறங்கியபோது காலில் செருப்பு இல்லை என்பதுகூடத் தெரியவில்லை. கீழே, வாசலை ஒட்டி, மெக்கானிக்கின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு மிக்ஸி கட்டியிருந்தது.

"நீங்க எப்படி இங்க?"

"போனை எடுக்கலியேன்னு கெளம்பி வந்துட்டேம்மா. ஏறுங்க. மிக்ஸியை மடியில வச்சுக்கோங்க."

யாருடைய மிக்ஸியோ. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிக்னல் சிக்னலாக நின்று நின்று போனது ஸ்கூட்டர். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அவளுக்குள் ஒரே கணக்குதான் ஓடியது. காலை நேரத்தில் அந்த வண்டியில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிறவர் நன்றாக இருக்கிறார் என்ற நம்பிக்கையில்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஸ்டாப்பில் இறங்கினார்கள். எதிரே ஆஸ்பத்திரி வாசல்; மெக்கானிக் ஓடிப்போய் உள்ளே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். எட்டு ஐம்பத்தைந்து ஆனது. வண்டி வரவில்லை. எட்டு ஐம்பத்தொன்பது. ஒன்பதைத் தாண்டியது. மூச்சைக் கவனிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளுக்குத் தன் மூச்சு எங்கே இருக்கிறதென்று பிடிபடவில்லை. உள்ளே வந்தது வெளியே போக மறுத்தது. மிக்ஸியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"ஏன் எனக்குக் கேக்கல?" என்றாள் திடீரென்று. "உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு? நீங்க வகுப்புல தூங்குற ஆளாச்சே."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "தூக்கம் வருதும்மா, என்ன பண்றது, உங்க குரல் அப்படி. ஆனா ஒரு சத்தம் மாறுச்சுன்னா முழிப்பு வந்துடும். எங்க தொழில் அது. சத்தம் வந்தா, எங்க நோவுதுன்னுதானே பாக்கணும்? வெறுமனே கேட்டுட்டு எழுந்திரிச்சுப் போயிட்டா மோட்டார் எரிஞ்சு போயிடும்மா." சட்டென்று நிறுத்தி, காதைத் திருப்பினார். "வருது. பெரிய வண்டி. கியரை லேட்டா மாத்துறாரு. நல்ல டிரைவர் இப்படி மாத்த மாட்டாரே."

திருப்பத்தில் முப்பத்தொன்று தெரிந்தது. ஊர்ந்து வந்தது. ஸ்டாப்பைத் தாண்டி இருபதடி தள்ளிப் போய் நின்றது. டீச்சர் ஓடினாள். முன்கதவு திறந்ததும் இறங்குகிற கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். "யம்மா, ஏறுற வழி பின்னாடி! மிக்ஸிய வேற தூக்கிட்டு!" என்று கண்டக்டர் கத்தினார்.

ஓட்டுநர் இருக்கையில் அவர் இருந்தார். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல். வலது கை மட்டும் ஸ்டியரிங்கில். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது பயம்தான்.

"என்ன ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"நெஞ்சு எப்படி இருக்கு?"

தெரியாத ஆள் தெரியாத மொழியில் ஏதோ கேட்டது போல அவர் அவளையே பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. வண்டியை நிறுத்துங்க."

அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டு எழுந்தவர், இரண்டாவது படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார். எதிரே ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். பேருந்துக்குள் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் யாரை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

டாக்டரம்மா வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. "பெரிய அடைப்பு. எடுத்தாச்சு. இன்னொரு ட்ரிப் ஓட்டியிருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்டாரு. வண்டியில இருந்தவங்க வந்திருப்பாங்க" என்றாள். பிறகு டீச்சரைத் தட்டிக் கொடுத்தாள். "நல்லவேளை, சரியான நேரத்துல கவனிச்சீங்க."

"நான் இல்ல" என்றாள் டீச்சர். "மிக்ஸி ரிப்பேர் பண்றவரு."

டாக்டரம்மா திருதிருவென விழித்தாள்.

பிற்பகலில் கண்டக்டர் வந்து அவருடைய பையைக் கொடுத்துவிட்டுப் போனார். வார்டில் அவர் கண் மூடிக் கிடந்தார். பக்கத்தில் கருவி ஒன்று ஒழுங்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பையைத் திறந்தாள். தொடாத டிபன் டப்பா. மடக்கிய கறுப்புக் குடை. அதற்கடியில் ஒரு போன். லாக்கரில் இருக்கிற போன் இல்லை. மகள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன, மூலையில் கண்ணாடி உடைந்த பழைய போன். இது எதற்கு இவரிடம் என்று யோசிக்கும்போதே அது கைக்குள் அதிர்ந்தது. திரையில் அவளுடைய குழுவின் பெயர். மெக்கானிக் எழுதியிருந்தார்: 'ஐயா பிழைத்துக்கொண்டார்.'

இந்தச் செய்தி இந்தப் போனுக்கு ஏன் வர வேண்டும்?

திறந்தாள். மேலே ஓர் ஓரத்தில் சின்னதாக ஒரு படம். மடக்கிய கறுப்புக் குடை. அதே குடை இப்போது அவள் மடியில் கிடந்தது. கைப்பிடியில் சுற்றிய பச்சை டேப்கூட அதேதான்.

பேராசிரியர், புத்தகச் சுவர், தனி வீடு எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போய், டிப்போவில் நிறுத்திய காலி பேருந்தில், முதல் ட்ரிப்புக்கு முன்னால், உடைந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர் தெரிந்தார். ஏழு மாதம். ஒரு காலை தப்பாமல். மேலே தள்ளினாள். இன்றைய தேதியில் அவர் எழுதியது இருந்தது. 'இன்று கேட்டவை: ம். ம். ம்.' நெஞ்சு வலியோடு இருபத்தோரு நிமிடமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, தான் சொன்னதையும் அவள் சொன்னதையும் முழுக்கக் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே அவளுடைய கைகூப்பல். 'அருமை. இதுதான் ஆழம்.'

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. அந்தச் சத்தத்தில் அவர் கண் திறந்தார். அவள் கையில் இருந்த போனைப் பார்த்தார். திருடி மாட்டிக்கொண்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல." உதடு காய்ந்து போயிருந்தது அவருக்கு. "நீ நல்லாப் பேசுறன்னு டிப்போவுல ஒருத்தர் சொன்னாரு. கேட்டுப் பாத்தேன். அப்படி ஒரு குரல் உனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல கெடைக்கல. சரி, எல்லாரோடயும் வரிசையில நின்னு வாங்கிக்குவோம்னு..."

டீச்சர் வார்டு மூலையில் கிடந்த ஒரு முக்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். இரண்டு போனையும் பைக்குள் போட்டுப் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"காலையில என்ன சொன்னீங்க? முதல்லேருந்து சொல்லுங்க."

"அதான் கேட்டுட்டியே."

"அது போன் கேட்டது."

அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகத் தொடங்கினார். "குழாய் சொட்டுது. வாஷர் வாங்கணும்." நிறுத்தினார். காத்திருந்தார். "ம்னு சொல்லேன். நீ சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது."

இருபத்து மூன்று வருடம் கேட்காமலேயே வந்து விழுந்த சொல் அது. டீச்சர் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடியும் முயன்றாள். கருவி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"எந்தக் குழாய்?" என்றாள் கடைசியில்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பேருந்தில் அவள் வந்து நின்றபோதுகூட அவர் அப்படி அதிர்ந்து போகவில்லை.

"சமையக்கட்டுக் குழாய்தான்" என்றார். "மூணு மாசமா சொட்டுது."